அரை நாள் முந்தி வந்த வெளிச்சம்

என் மனைவிக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் இருபத்தாறு வருடமாக எனக்கு முழி பிதுங்குகிறது. என் வேலையைக் கேட்டால் லிஃப்ட் மெக்கானிக் என்று சொல்லி முடித்துவிடலாம். கேட்டவர் உடனே தன் கட்டடத்து லிஃப்ட் மூன்றாவது மாடியில் குலுங்குவதைப் பற்றிப் புலம்ப ஆரம்பிப்பார், பேச்சு ஓடும். இவள் வேலையைச் சொன்னால் பேச்சு நின்றுவிடும். வானியல் ஆய்வுக்கூடத்தில் அட்டவணை போடுகிறாள் என்பேன். என்ன அட்டவணை, ரயில் நேரமா என்பார்கள். இல்லை, வெளிச்சம் வந்து சேர்ந்த நேரம் என்பேன். அதற்குமேல் கேட்க ஆளிருக்காது.

அவளுடைய அண்ணன், அதாவது என் மச்சான், இதை எல்லாம் சுருக்கி ஒரே வரியில் சொல்லிவிடுவார்: தங்கச்சி டைப் அடிக்கிறா. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னால் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது. அவர் சொன்னதிலும் முழுப் பொய் இல்லை. இவள் கல்லூரியில் இரண்டாம் வருடம் இயற்பியல் படிக்கும்போது மாமனார் படுக்கையில் விழுந்தார், படிப்பு நின்றது. அண்ணன் படிப்பு மட்டும் எப்படி நிற்கவில்லை என்று நான் கேட்டதுண்டு. இவள் மூன்று மாதத்தில் தட்டச்சுக் கற்றுக்கொண்டு, ஆய்வுக்கூடத்தில் ஒருத்தி விடுப்பில் போன இடத்துக்கு இரண்டு மாதத் தற்காலிகமாகப் போனாள். விடுப்பில் போனவள் திரும்பவில்லை. இவள் வெளியே வரவில்லை.

அங்கே வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரத்தில், அடிக்கக் கொடுத்த எண்களில் ஒன்று தப்பு என்று சொல்லியிருக்கிறாள். முந்தின நாள் வந்ததோடு ஒட்டவில்லை என்றாளாம். பார்த்தால் தப்புதான். அன்றிலிருந்து அவள் மேசைக்குக் கடிதங்களுக்குப் பதிலாக எண்களே வந்தன. கொஞ்ச நாளில் அவள் பெயரே அட்டவணை அக்கா ஆகிவிட்டது.

எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டதும் அங்கேதான். அந்தக் கட்டடத்து லிஃப்ட் நான்காவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோய், உள்ளே ஒரு பெண் நாற்பது நிமிடமாக மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று ஃபோன் வந்தது. பதறியடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தால், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து காகிதத்தில் எதையோ டிக் அடித்துக்கொண்டிருந்தாள். அதற்குள் முடிஞ்சிருச்சா, இன்னும் அரைப் பக்கம் பாக்கி இருக்கே என்றாள். இப்படிப்பட்ட ஆளைக் கட்டிக்கொண்டால் பிற்காலத்தில் என்ன ஆகும் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அவள் வேலை எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். வெகு வெகு தொலைவில் சில விண்மீன் மண்டலங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு ராட்சதக் கருந்துளை. அதன் பக்கத்திலிருந்து ஒரு பீய்ச்சல் நம்மைப் பார்த்து நேராகக் கிளம்பி வருகிறது. சும்மா கிடக்கும், திடீரென்று ஒருநாள் சீறும். சில நாட்களுக்குப் பல மடங்கு பிரகாசமாகிவிட்டு அடங்கிவிடும். எங்கள் வீட்டில் அந்த வேலையை நான் பார்க்கிறேன், அதனால் இதுவரை சிரமமில்லாமல் புரிந்தது.

சிக்கல் இதற்குப் பிறகுதான். ஒரே சீற்றம் பல ஒளிகளாக வருகிறது. காமா கதிரை ஒரு செயற்கைக்கோள் பிடிக்கிறது, எக்ஸ்ரேயை வேறொன்று. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை இவர்களுடைய மலைமேல் இருக்கிற தொலைநோக்கி எடுக்கிறது. ரேடியோ அலை மட்டும் வாரங்கள், மாதங்கள் கழித்து ஆடி அசைந்து வந்து சேரும். இதில் எது முந்தி, எது பிந்தி, எவ்வளவு நேரம் என்று தெரிந்தால், அந்தப் பீய்ச்சலில் எந்த இடத்தில் எதனால் அது சீறுகிறது என்று கண்டுபிடிக்கலாமாம். ஆனால் ஒவ்வொரு கூட்டமும் நேரத்தைத் தன் இஷ்டத்துக்கு எழுதி அனுப்பும். அத்தனையையும் ஒரே கணக்குக்கு மாற்றி ஒரே அட்டவணையில் வரிசைப்படுத்துவது இவள் வேலை.

அந்த ஆய்வுக்கூடத்தில் புயல் என்று ஒரு பெண் இருந்தாள். முப்பத்தோரு வயது, முனைவர் பட்டம் வாங்கியவள், நடக்கும்போது காகிதங்கள் பறப்பதால் அந்தப் பெயர். இவளிடம் அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டிருப்பாள். அவள்தான் அட்டவணையில் அதிசயத்தைப் பார்த்தவள். ஒரே மண்டலம் ஒன்றரை வருடத்தில் மூன்று முறை சீறியிருக்கிறது. மூன்று முறையும் காமா கதிருக்கு ஏறக்குறைய அரை நாள் முன்னாலேயே கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் வந்துவிட்டது. அப்படி வரக்கூடாது என்று அவர்களில் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். புயல் கட்டுரை எழுதினாள், பெரிய பத்திரிகை ஏற்றுக்கொண்டது. மூன்று வாரத்தில் அவளுக்கு ஒரு நிரந்தர வேலைக்கு நேர்முகத் தேர்வு. அதற்குள் கட்டுரை வந்துவிடும், வேலை கைக்கு வந்த மாதிரிதான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

எழுதியவர்கள் பட்டியலில் ஐந்தாவதாக என் மனைவியின் பெயர் இருந்தது. அதுவரை கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் நன்றி சொல்வார்கள், அவ்வளவுதான். இந்த முறை மேலே, முழுப் பெயர், முன்னால் என் பெயரின் முதலெழுத்து. அந்த ஓர் எழுத்தை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டம் கொஞ்சநஞ்சமில்லை. மச்சானுக்கு ஃபோன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், அப்படியா, அந்த வெளிச்சம் எத்தனை மணிக்கு வந்ததாம் என்று கேட்டார். கிண்டல்தான். இருந்தாலும் நான் விடுவேனா, கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

அது சனிக்கிழமை மத்தியானம். திங்கட்கிழமை கட்டுரைக்குக் கடைசி ஒப்புதல் கொடுக்க வேண்டும். இவள் கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மச்சானிடம் சொல்ல வேண்டும், மூன்றாவது சீற்றத்தில் மலையில் எடுத்த முதல் பதிவு, உங்கள் பாஷையில் முதல் புள்ளி, நம்மூர்க் கடிகாரப்படி எத்தனை மணி என்று கேட்டேன். அவளுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். இத்தனை வருடத்தில் நானாக அவள் வேலையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. கட்டுரைப் பிரதியை எடுத்து வந்தாள். தேதி, நேரம் இரண்டையும் ஒரே எண்ணாகத்தான் எழுதுவார்களாம். தசமப் புள்ளிக்கு முன்னால் இருப்பது நாள், பின்னால் இருப்பது அந்த நாளில் கழிந்த பங்கு. அதை இருபத்து நாலால் பெருக்கி, உலகப் பொதுக் கடிகாரத்துக்கும் நம் கடிகாரத்துக்கும் உள்ள சில மணியைக் கூட்டினால் விடை வரும் என்று சொல்லிக்கொண்டே என் உதிரிபாகப் பட்டியலின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். பிற்பகல் ஒன்றே முக்கால் என்று வந்தது.

"உங்க மலைமேல பட்டப்பகல்லயா நட்சத்திரம் பார்க்கிறாங்க?" என்றேன்.

அவளும் சிரித்தாள். பெருக்கலில் தப்பு செய்துவிட்டேன் என்று மறுபடி போட்டாள். ஒன்றே முக்கால். இரண்டாவது புள்ளியைப் போட்டாள், இரண்டே கால். மூன்றாவது, மூன்று மணி. பிறகு சிரிக்கவில்லை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை என்பார்களே, அந்தக் கிணற்றை வெட்டியவன் நான்.

என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஆபீசுக்குப் போகணும் என்றாள். ஸ்கூட்டரில் கூட்டிப்போனேன். வழியில்தான் சொன்னாள். வானத்தைப் பார்ப்பவர்கள் பழைய காலத்தில் நாளை நண்பகலில் ஆரம்பித்தார்களாம். நள்ளிரவில் தேதி மாறினால் ஒரே ராத்திரி இரண்டு தேதியாகிவிடும், கணக்குக் குழம்பும் என்று அப்படி ஓர் ஏற்பாடு. பிறகு வந்தவர்கள் உலகத்தோடு ஒத்துப்போக நள்ளிரவில் ஆரம்பித்தார்கள். இப்போது இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன, இரண்டுக்கும் அரை நாள் வித்தியாசம். குழப்பம் வேண்டாம் என்று செய்ததால் வந்த குழப்பம். மலையிலிருந்து வருவது நண்பகல் கணக்கு, செயற்கைக்கோள் அனுப்புவது நள்ளிரவுக் கணக்கு. அதனால் மலையின் எண்களில் இவள் எப்போதும் அரையைக் கழிப்பாள். இருபத்தாறு வருடமாகக் கழிக்கிறாள்.

ஆபீசில் மலையிலிருந்து வந்த மூலக் கோப்பைத் திறந்தாள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் இருபது வரி இருக்கும். கேமரா பெயர், கண்ணாடியின் அளவு, அது இது என்று வருடக்கணக்கில் மாறாத விவரங்கள். அந்த இருபது வரியை வெட்டி எறிந்துவிட்டு எண்களை மட்டும் எடுக்கும்படி பதினைந்து வருடத்துக்கு முன்னால் அவளே ஒரு கணினி நிரல் எழுதி வைத்திருந்தாள். ஒரு வருடத்துக்கு முன் மலையில் புதுக் கேமரா மாட்டியிருக்கிறார்கள். அதன் கணினி தானாகவே அரையைக் கழித்து, நாள் நள்ளிரவில் தொடங்கும் என்று பதினான்காவது வரியில் எழுதியும் வைத்திருக்கிறது. இவளுடைய நிரல் அந்த வரியைப் படிக்காமலே வெட்டி எறிந்துவிட்டு, இன்னொரு அரையைக் கழித்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க எங்கள் இருவரையும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான். அவள் சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பிவிட்டாள். அரையைக் கூட்டணுமா கழிக்கணுமா என்று தனக்குத்தானே பேசிக்கொண்டாள். ஒருதரம் கூட்டினால் சரியாக வந்தது, அடுத்த தரம் எதைக் கூட்டினோம் என்று மறந்துபோய் மறுபடி கூட்டினாள். இதில் இன்னொரு கூத்து: முதல் சீற்றம் பழைய கேமராவில் எடுத்தது. அதில் இவள் கணக்கு சரி, இரவு இரவாகவே இருந்தது, வெளிச்சம் நிஜமாகவே பதினோரு மணி நேரம் முந்தி வந்திருந்தது. ஆனால் அந்த வாரம் மலையில் மேகம், மொத்தமே ஏழு புள்ளிகள். மற்ற இரண்டு சீற்றத்திலும் அரையைத் திருப்பிக் கொடுத்தால் எல்லா வெளிச்சமும் ஒன்றாகவே வந்து நின்றது. அப்படியானால் முந்தி வருகிறதா, இல்லையா? முதலாவது உண்மையா, மேகம் செய்த மாயமா? அவளுக்கும் தெரியவில்லை. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஒன்று மட்டும் எனக்குப் புரிந்தது. சொன்னால் கட்டுரை போய்விடும். புயலின் வேலை போய்விடும். என் மனைவியின் பெயர் மேலேயிருந்து இறங்கிவிடும், இறங்கியபின் பொடி எழுத்தில்கூட வருமோ வராதோ. தப்பு செய்தவள் என்றுதான் இனி அந்த மாடியில் பேசுவார்கள். மச்சான் என்ன சொல்வார் என்பதையும் நினைத்தேன், மறைக்கவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கச் சொன்னவன் நான்தான்.

"நானூறு கோடி வருஷமா நடந்து வந்த வெளிச்சம். அரை நாள் முன்னபின்ன வந்தா யாரு கேட்கப் போறாங்க?" என்று கத்தினேன்.

அவள் காகிதத்திலிருந்து நிமிரவில்லை. "நானூறு கோடி வருஷம் அதோட வேலைங்க. அந்த அரை நாள்தான் என் வேலை."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எதிர்த்துச் சொல்ல எதுவும் இல்லாதபோது எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வரும். வாசல் கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே போய், தெருமுனையில் பத்து நிமிடம் நின்றுவிட்டு, போக இடமில்லாமல் திரும்பி வந்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை நானும் ஆறாவது மாடிவரை போனேன். லிஃப்ட் கயிற்றைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டேன். புயல் தன் மேசையில் ஒப்புதல் கடிதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் மனைவி பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, பத்து நிமிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். பிற்பகல் ஒன்றே முக்கால் என்று எழுதிய என் உதிரிபாகப் பட்டியலையும் காட்டினாள். எல்லாம் கேட்டு முடித்தபின் புயல் கேட்டது ஒன்றைத்தான்.

"அக்கா, இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இவருகிட்ட மட்டும்."

புயல் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தெருவில் நின்று யோசித்த அதே விஷயத்தை அவளும் யோசிக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. மறைத்துவிடலாம் என்று என் மனைவி தலையை ஆட்டிவிட்டால் போதும், விஷயம் மூன்று பேரோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். கடவுளே, ஆட்டிவிடு என்றுதான் வேண்டிக்கொண்டேன். அந்தப் பெண் கணினிப் பக்கம் திரும்பி, மூலக் கோப்பைத் திறந்து, விரலால் வரிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பதினான்கில் நிறுத்தினாள். ரொம்ப நேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு எழுந்து தலைவர் அறைக்குப் போனாள். அன்று காகிதம் ஒன்றுகூடப் பறக்கவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். நேர்முகத் தேர்வில் அந்த வேலை வேறொருவருக்குப் போனது. புயலுக்குத் தொலைவில் ஏதோ ஒரு வருட ஒப்பந்தம் கிடைத்தது. போகிற அன்று மாடி முழுக்க எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனவள், இவள் மேசைப் பக்கம் மட்டும் வரவில்லை. அன்று இவள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுதாள். தப்பு என்னுதுதானே, அவ எப்படி வருவா என்றாள். ஆறுதல் சொல்லத் தெரியாமல் நான் அவள் செருப்பைக் கழற்றிவிட்டேன்.

ஆய்வுக்கூடத்தில் யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அடுத்த மாதத்திலிருந்து இவள் போடும் அட்டவணைகளை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று ஏற்பாடு வந்தது. நல்ல ஏற்பாடுதான், முதலிலேயே இருந்திருக்க வேண்டியது என்று இவளே சொன்னாள். சொல்லிவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. மச்சானுக்கு விஷயம் தெரிந்ததும், டைப் அடிக்கும்போது தப்பு வருவது சகஜம்தானே என்றார். பெரிய மனசு. ஃபோனை வைத்துவிட்டேன்.

அவள் செய்தது சரியா என்று என்னை யாராவது கேட்டிருந்தால் அந்த நாட்களில் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. சரி என்று சொல்ல வாய் வரும், ஒரு பெண்ணின் வேலை போனது நினைவுக்கு வரும், வாய் மூடிக்கொள்ளும்.

பதினோரு மாதம் கழித்துப் புயலிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. அந்த மூன்று சீற்றங்களையும் மறுபடி முதலிலிருந்து எழுதியிருப்பதாகவும், அட்டவணையை அங்கே இரண்டு பேர் சரிபார்த்துவிட்டதாகவும் எழுதியிருந்தாள். அடியில் ஒரு வரி: அக்கா, நீங்க பார்த்துச் சரின்னு சொன்னாத்தான் அனுப்புவேன்.

அதைப் படித்துவிட்டு இவள் கணினியை மூடிவிட்டாள். பிறகு திறந்தாள். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள். நிரல் வேண்டாம், கண்ணால்தான் பார்ப்பேன் என்றாள். நான்கு நாள் மாலையில் வேலை முடிந்து வந்து நான் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பதினான்காவது வரியைப் படிப்பேன், அவள் டிக் அடிப்பாள். நண்பகல், நண்பகல், நண்பகல். புதுக் கேமரா வந்த பிறகு நள்ளிரவு, நள்ளிரவு. மூன்றாவது நாள் நள்ளிரவுகளுக்கு நடுவில் திடீரென்று நண்பகல் என்று வந்தது. நான் தூக்கக் கலக்கத்தில் தப்பாகப் படிக்கிறேன் என்று அவள் வந்து எட்டிப் பார்த்தாள். தப்பில்லை. புதுக் கேமரா நடுவில் ஒருமுறை பழுதாகி, ஒன்பது நாட்கள் பழையதையே மாட்டியிருக்கிறார்கள். அங்கே பார்த்த இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை. ஒன்பதும் இரண்டாவது சீற்றத்தின் நடுவில் வந்தன. அவற்றைச் சரிசெய்ததும், ஒன்றாக வந்து நின்ற வெளிச்சங்களும் ஒன்றாக நிற்கவில்லை. ஒரு நாள் காமா முந்தியது போல இருந்தது, மறுநாள் வெளிச்சம் முந்தியது போல இருந்தது. ஒன்பதையும் எழுதி அனுப்பினாள். புயல் நன்றி என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டாள்.

கட்டுரை வந்த அன்று அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மேலே இரண்டே பெயர்கள். முதலாவது புயலுடையது, இரண்டாவது இவளுடையது. இந்தத் தடவை நான் யாருக்கும் ஃபோன் பண்ணவில்லை. கடைசியில் எது முதலில் வந்தது, அதையாவது சொல் என்றேன். அவள் பெயருக்குக் கீழே இருந்த சுருக்கத்தின் கடைசி வரியில் விரலை வைத்துத் தமிழில் படித்துக் காட்டினாள். இந்த மூன்று சீற்றங்களிலும் எந்த ஒளி முந்தி வந்தது என்பது எங்களுக்குத் தெரியவில்லை.

அதை இன்னொருமுறை தனக்குள் படித்தாள்.

"இது சரிங்க" என்றாள்.